தகரம் ஒழுகிறதில்லை, ஓட்டைதான் ஒழுகுது: கொட்டில் கூரைக்கு ஸ்க்ரூ அடிக்கிற கதை

போன வைகாசியில ஒருநாள் விடிய நாலு மணிக்கு கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளையில இருந்து சின்ன மாமா போன் எடுத்தார். அந்த நேரத்தில போன் வந்தா யாரோ செத்துட்டினம் எண்டுதானே நினைப்பம், நான் பதறி எடுத்தா மனுசன் சொல்றார், "கொட்டில் ஒழுகுதடா, பால் கறக்கிற வாளிக்குள்ள சொட்டுச் சொட்டா விழுது, இனி நான் தண்ணி கலந்து விக்கிறன் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கப் போகுது." மூண்டு மாடு, ஒரு கண்டு, முப்பது அடிக்குப் பதினாறு அடி கொட்டில். வெள்ளவத்தையில இருந்து நான் போய்ச் சேரேக்க மழை விட்டிட்டுது, ஆனா உள்ளுக்க இன்னும் சொட்டுது.

மேல ஏறிப் பாத்தா தகரம் நல்லாத்தான் இருக்கு. துரு இல்லை, கிழியேல்லை. ஆனா ஆணி அடிச்ச இடமெல்லாம் ஆணி ஒரு நூல், ரெண்டு நூல் மேல எழும்பி நிக்குது, தலையைப் பிடிச்சு இழுத்தா வெறுங்கையோடயே வருது. நான் கட்டட வேலைக்காரன் இல்லை, கணக்கு எழுதுற வேலை, ஆனா பிறகு மூண்டு கிழமை ஒரு பாஸோட (கூரை வேலை தெரிஞ்ச மேத்திரியோட) கூட நிண்டு அந்தக் கூரையைத் திரும்பப் போட்டதில விளங்கின விசயங்களை எழுதினா யாருக்கும் உதவும் எண்டு நினைக்கிறன். மாட்டுக் கொட்டில், கராஜ், கடைக்குப் பின்னால சாமான் போடுற பத்தி, எல்லாத்துக்கும் இதே கதைதான்.

முதல்ல சீட்டைப் பத்திக் கொஞ்சம். கொழும்பில எந்தக் கம்பனி செய்த சீட் எண்டாலும் ஆக்கள் ஹார்ட்வெயார் கடையில "அமானோ சீட்" எண்டுதான் கேப்பினம். மேடும் பள்ளமுமா மடிச்ச மெல்லிய இரும்புத் தகடுதான் அது. ஏன் மடிக்கிறது எண்டா, ஒரு வெறும் கடதாசியை ரெண்டு புத்தகத்துக்கு நடுவில பாலம் மாதிரி வையுங்கோ, தொங்கிப் போகும், அதையே விசிறி மடிப்பு மடிச்சு வையுங்கோ, மேல ஒரு பேனையே நிக்கும். அவ்வளவுதான் ரகசியம். இந்த யோசனைக்கு 1829இல லண்டனில ஹென்றி ரொபின்சன் பாமர் எண்ட துறைமுக எஞ்சினியர் பேட்டன்ட் எடுத்தவர், அண்டைக்கு அலை அலையா வளைச்ச இரும்பு, இண்டைக்கு நாங்கள் வாங்கிறது சதுரமா மடிச்ச மேடு. பூச்சும் மாறிட்டுது. முந்தி வெறும் நாகப் பூச்சு, இப்ப கனக்க வாறது அலுமினியமும் நாகமும் கலந்தது, நூறில 55 பங்கு அலுமினியம், 43.4 பங்கு நாகம், 1.6 பங்கு சிலிக்கன். இதை 1972இல அமெரிக்காவில பெத்லஹேம் ஸ்டீல் கம்பனி சந்தைக்குக் கொண்டு வந்தது. இந்தப் பூச்சு பிறகு கதைக்கு வரும், மறக்காதீங்கோ.

தகட்டின்ர தடிப்பு 0.47 மில்லிமீட்டர், அதைவிட மெல்லிசும் விக்கினம். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தத் தகட்டில ஒரு இடத்திலயும் தண்ணி உள்ள வராது, நாங்களா ஓட்டை போடுற இடத்தைத் தவிர. மாமாட கொட்டிலுக்கு பன்னிரண்டு சீட், அதைத் தாங்க ஆறு வரிசை மரச்சட்டம், ஓரங்களையும் சேத்து எண்ணிப் பாத்தா கிட்டத்தட்ட 350 ஓட்டை. கூரை போடுறது எண்டு நாங்கள் சொல்றது உண்மையில என்ன எண்டா, ஒழுகாத ஒரு தகட்டில 350 ஓட்டை போட்டிட்டு அந்த 350ஐயும் திரும்ப அடைக்கிறதுதான்.

அப்ப ஸ்க்ரூவுக்கு என்ன வேலை? தகரத்தைக் கீழ விழாம பிடிக்கிறது எண்டு நினைச்சா பிழை. தகரம் தன்ர பாரத்தில சட்டத்தில பேசாம கிடக்கும், கீழ விழுறதுக்கு ஒரு காரணமும் இல்லை. ஸ்க்ரூ பிடிக்கிறது மேல போகாம. காத்து கூரைக்கு மேலால ஓடேக்க கூரையை மேல உறிஞ்சும், கொட்டிலுக்குச் சுவர் இல்லாட்டி கீழால புகுந்து தள்ளவும் செய்யும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன். காத்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில அடிச்சா அது ஒரு சதுர மீட்டரில குடுக்கிற அழுத்தம் கிட்டத்தட்ட 48 கிலோ பாரம். மாமாட கூரை 45 சதுர மீட்டர் அளவில வரும். அப்ப ரெண்டு டன்னுக்கு மேல. தகரத்தின்ர பாரமோ மொத்தமா 200 கிலோ பக்கத்தில. காத்தின்ர வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும், இது இன்னும் மோசம். 1978 கார்த்திகையில மட்டக்களப்புச் சூறாவளியில தகரங்கள் கடதாசி மாதிரிப் பறந்ததை அந்தப் பக்கத்துப் பழைய ஆக்கள் இப்பவும் சொல்லுவினம்.

ரெண்டு டன்னை 350ஆல பிரிச்சா ஒரு ஸ்க்ரூவுக்கு ஆறு கிலோதானே, இது ஒரு விசயமா எண்டு கேப்பீங்கள். நானும் கேட்டன். காத்து அப்பிடிச் சமமாப் பிரிச்சுத் தராது. ஓரங்கள், மூலைகள், முகடு, இந்த இடங்களிலதான் உறிஞ்சல் கூட, நடுக்கூரையைவிட ரெண்டு மூண்டு மடங்குக்குப் போகும். ஒரு மூலையில ஒரு ஸ்க்ரூ கழண்டா அது பிடிச்ச பாரம் பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போகும், அதுவும் கழண்டா அதுக்குப் பக்கத்துக்கு. சாரத்தின்ர கரையில ஒரு நூல் பிரிஞ்சு இழுபடுற மாதிரி. அதாலதான் நடுவில ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்க்ரூ அடிச்சாலும், மேல் நுனி, கீழ் நுனி சட்டங்களில ஒவ்வொரு மேட்டிலயும் அடிக்க வேணும். சீட் கம்பனிக்காரர் தாற தாளில எந்தச் சட்டத்தில எத்தினை எண்டு படமே போட்டிருக்கும், அதைப் பாக்காம பாஸ்மாரின்ர கைக்கணக்கில விடாதீங்கோ.

ஸ்க்ரூவின்ர ரெண்டாவது வேலை அடைக்கிறது. அதை ஸ்க்ரூ செய்யேல்லை, வாஷர் செய்யுது. ஒரு ஸ்க்ரூவைக் கையில எடுத்துப் பாருங்கோ. ஆறு பட்டைத் தலை, அதுக்குக் கீழ ஒரு சின்ன இரும்புத் தட்டு, தட்டுக்குக் கீழ கறுப்பா அல்லது சாம்பலா ஒரு இறப்பர் வளையம். அந்த இறப்பருக்கு ஈபிடிஎம் எண்டு பேர், சாதாரண சைக்கிள் டியூப் இறப்பர் மாதிரி வெயிலுக்கு வெடிச்சுப் போகாது, அதாலதான் கூரைக்கு இதைப் போடுறது. ஸ்க்ரூவை இறுக்க இறுக்க இரும்புத் தட்டு இறப்பரைத் தகரத்தோட சேத்து அமத்தும், ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம் மாதிரித் தண்ணிக்குத் தடை போட்டிரும். முழுக் கூரையும் இந்தச் சின்ன வளையத்திலதான் நிக்குது.

எவ்வளவு இறுக்கிறது எண்டதுதான் முழுக் கலையும். நான் செய்த பிழையைச் சொல்றன். பாஸ் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், சரி நானும் கொஞ்சம் செய்து பாப்பம் எண்டு இம்பெக்ட் ட்ரைவரை (தட்டித் தட்டி இறுக்கிற மெசினை) எடுத்து டக்டக்டக் எண்டு ஒரு நாப்பது ஸ்க்ரூ இறுக்கிப் போட்டன், நல்ல இறுக்கம், எனக்கே பெருமை. பாஸ் வந்து ஒண்டும் கதைக்கேல்லை, முட்டுக்காலில இருந்து பெருவிரலால ஒரு வாஷரின்ர கரையைத் தடவினார், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. "தம்பி, இறப்பர் செத்துட்டுது." பாத்தா இறப்பர் இரும்புத் தட்டுக்கு வெளியால பிதுங்கி, நாக்கைத் தள்ளின மாதிரி சுத்திவர வந்திருக்கு, சில இடத்தில வெட்டுப்பட்டே போச்சு. தட்டு நடுவில குழிஞ்சு தலைகீழாயிட்டுது, தகரத்தின்ர மேடும் கீழ அமுங்கி ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி. அந்தக் கிண்ணத்துக்குள்ள மழைத்தண்ணி நிக்கும், நிண்ட தண்ணிக்கு ஓட்டை தேட நேரம் இருக்கு. நாப்பதையும் கழட்டி, பெரிய சைஸ் ஸ்க்ரூ போட்டுச் சரிப்பண்ணினது, அண்டைய தேத்தண்ணிக்கும் நான்தான் காசு குடுத்தன்.

சரியான இறுக்கம் என்ன எண்டா, இறப்பர் அமுங்கி இரும்புத் தட்டின்ர கரையோட சமனா, இல்லாட்டி ஒரு மயிரளவு வெளிய தெரியுற அளவு. தட்டுக்கு உள்ளுக்கேயே இறப்பர் ஒளிஞ்சு நிண்டா இறுக்கம் காணாது, விரலால வாஷரைச் சுத்திப் பாருங்கோ, சுத்துப்பட்டா தண்ணி வரும். வாஷர் சாஞ்சு ஒரு பக்கம் அமுங்கி மற்றப் பக்கம் வாய் பிளந்து நிண்டா ஸ்க்ரூவைச் சரிச்சு அடிச்சிருக்கிறீங்கள், அது என்ன இறுக்கினாலும் அடைபடாது, கழட்டி நேரா அடிக்க வேணும். இதுக்கு இம்பெக்ட் ட்ரைவரை விட கிளச் இருக்கிற சாதாரண ட்ரில் நல்லம், குறிச்ச இறுக்கம் வந்ததும் தானா வழுக்கி நிண்டிடும். தலைக்குப் பொருந்துற சொக்கட் எட்டு மில்லிமீட்டர், தேஞ்ச சொக்கட்டைப் போட்டா ஸ்க்ரூ ஆடிச் சரியும், புதுசா ஒண்டு வாங்கிறது பெரிய செலவில்லை.

இப்ப எல்லாரும் சண்டை பிடிக்கிற விசயம், மேட்டில அடிக்கிறதா பள்ளத்தில அடிக்கிறதா. எங்கட பக்கம் கேட்டா யோசிக்காமலே சொல்லுவினம், மேட்டிலதான், தண்ணி ஓடுறது பள்ளத்தில, ஓடுற தண்ணிக்கு நடுவில ஓட்டை போடுற விசரன் யார் எண்டு. நியாயம்தான். ஆனா அமெரிக்காவில பெரிய பெரிய பண்ணைக் கொட்டில் எல்லாத்திலயும் ஸ்க்ரூ பள்ளத்தில, மேட்டுக்குப் பக்கத்துச் சமதரையிலதான். அவங்களும் விசரர் இல்லை. பள்ளத்தில தகரம் நேரா மரச்சட்டத்தில படிஞ்சிருக்கும், ஸ்க்ரூ கட்டையா இருக்கும், வாஷர் ஸ்க்ரூத் தலைக்கும் தகரத்துக்கும் நடுவில இறுக்கமா நிக்கும், ஆடாது. மேட்டில அடிச்சா ஸ்க்ரூ ஒரு இஞ்ச் அளவுக்கு அந்தரத்தில நிண்டுதான் சட்டத்துக்குப் போகும், கொஞ்சம் கூட இறுக்கினா மேடு நசிஞ்சிடும், தகரம் அசையேக்க நீட்டு ஸ்க்ரூ சேந்து ஆடும். அப்ப பள்ளத்தில அடிக்கிறதில வாஷர் பிழைச்சா உடன தண்ணி வரும், மேட்டில அடிக்கிறதில வாஷர் கொஞ்சம் பிழைச்சாலும் தண்ணி அங்க நிக்காது.

என்ர அபிப்பிராயம் கேட்டா, கொழும்பில மேட்டில அடியுங்கோ. வருசத்துக்கு 2400 மில்லிமீட்டர் அளவில மழை கொட்டுற ஊர், ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் வாற மழைக்கு பள்ளமெல்லாம் ஆறு மாதிரி ஓடும், இங்க கூரைச் சாய்வும் கனக்கப்பேர் காணாமத்தான் வைப்பினம். சீட் செய்யிற கம்பனியே பள்ளத்தில அடிக்கச் சொல்லியிருந்தா அது வேற, அதின்படி செய்யுங்கோ. ஆனா பக்கச் சுவருக்கு அடிக்கிற தகரம் எண்டா பள்ளத்தில அடிச்சாலும் பிரச்சினை இல்லை, அங்க தண்ணி நிக்காது.

மேட்டில அடிக்கிறதெண்டா ஸ்க்ரூ நீட்டாத் தேவை. மேட்டின்ர உயரம் ஒரு இஞ்ச் எண்டா, அதுக்கு மேல மரத்துக்குள்ள இன்னும் ஒரு இஞ்ச் ஆவது போக வேணும், அதால ரெண்டு, ரெண்டேகால் இஞ்ச் ஸ்க்ரூ. இங்க கடையில ரெண்டு வகை நுனி இருக்கு, தெரியாம வாங்கினா வேலை கெட்டுப்போகும். மரத்துக்கு வாறது நுனி கூரா இருந்து, ஒரு பக்கம் வெட்டின மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், மரத்தைச் சீவிக்கொண்டு போக. இரும்புக்கு வாறது நுனியில சின்ன ட்ரில் பிட்டே இருக்கும். பொக்ஸ் பாரில, அதாவது உள்ளுக்க வெறுமையா இருக்கிற சதுர இரும்புக் குழாயில, கூரை போடுற ஆக்களுக்கு இரண்டாவது. அந்தச் சின்ன ட்ரில் நுனியின்ர நீளம் பொக்ஸ் பாரின்ர தடிப்பை விடக் கூடவா இருக்க வேணும், ஏன் எண்டா துளைச்சு முடிக்க முதல் மரை பிடிக்கத் தொடங்கினா ஒண்டு ஸ்க்ரூ முறியும் இல்லாட்டி மரை வழிச்சுப்போகும். இன்னொண்டு, இரும்பில அடிக்கேக்க ட்ரில்லை முழு வேகத்தில விட்டா நுனி சூடேறி மழுங்கிப் போகும், பிறகு எவ்வளவு அமத்தினாலும் அதே இடத்தில சுத்திக்கொண்டு நிக்கும். மெதுவா, அமத்திப் பிடிச்சு.

பழைய சோனகத் தெருவில ஒரு கடையில நான் போய் நல்ல ஸ்க்ரூ தாங்கோ எண்டு கேக்க, மினுமினு எண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஒரு பெட்டியை எடுத்து வச்சார் முதலாளி. விலையும் கூட, அப்ப நல்லதாத்தான் இருக்கும் எண்டு வாங்கப் பாத்தன். பாஸ் வேண்டாம் எண்டிட்டார். முதல்ல எனக்கு விளங்கேல்லை, துருப்பிடிக்காத ஸ்க்ரூவை ஏன் வேண்டாம் எண்டிறார் எண்டு. முதல் சொன்ன பூச்சு இங்கதான் வருது. ரெண்டு வேற உலோகம் ஒண்டோட ஒண்டு தொட்டுக்கொண்டு, நடுவில உப்புத்தண்ணி நனைச்சா, அது ஒரு சின்ன பற்றரி. ரெண்டில ஒண்டு மற்றதுக்காகக் கரையும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினிய நாகப் பூச்சும் சேந்தா கரையிறது பூச்சு. ஸ்க்ரூ பளபளப்பா நிக்கும், அதைச் சுத்தித் தகரம் தின்னுப்பட்டு ஓட்டை பெருக்கும். ஹெந்தளையில இருந்து கடல் கூப்பிடு தூரம், தென்மேல் பருவக் காத்து நேர கடலில இருந்து உப்பை அள்ளிக்கொண்டு வருது, வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையில இருக்கிற ஆக்களுக்கு வீட்டுக் கிரிலைப் பாத்தாலே தெரியும். அதால வாங்க வேண்டியது தகரத்தின்ர பூச்சோட ஒத்துப்போற பூச்சு பூசின, வெளி வேலைக்கு எண்டே விக்கிற ஸ்க்ரூ. கடல் கிட்ட எண்டா கூடத் தடிப்பான பூச்சு உள்ள வகையைக் கேளுங்கோ.

இதே காரணத்துக்காக செம்புக் குழாயில இருந்து வடியிற தண்ணி, எயார்கொன் தண்ணி உட்பட, இந்தத் தகரத்தில விழ விடக்கூடாது. ஈயத்தையும் கிட்ட வைக்காதீங்கோ. ஆக்கள் நம்பமாட்டீங்கள், தகரத்தில கோடு கீறுறதுக்கு சாதாரண பென்சில்கூடக் கூடாது, அந்தக் கரிக்கோட்டு வழியாவே பூச்சு அரிக்கும், மார்க்கர் பாவியுங்கோ. ஈரச் சீமெந்து பட்டா உடன கழுவுங்கோ. மாட்டுக் கொட்டிலுக்கு இன்னொரு எதிரி கீழ இருந்து வரும், மூத்திரத்தில இருந்து எழும்புற அமோனியா, அது ஈரத்தோட சேந்து தகரத்தின்ர அடிப்பக்கத்தைத் தின்னும். மேல எவ்வளவு நல்லா ஸ்க்ரூ அடிச்சாலும் கீழ சாணி அள்ளாம, காத்துப் போக வழி வைக்காம விட்டா பிரயோசனமில்லை, அதாலதான் மாமாட முகட்டுப் பக்கம் முழுக்க அடைக்காம காத்துக்கு விட்டது.

ஸ்க்ரூ அடிக்கேக்க சுருள் சுருளா இரும்புத்தூள் வரும். அதை அண்டைக்கே மெல்லிய தும்புத்தடியால கூட்டித் தள்ளிப்போடோணும், விட்டா ஒரு மழையோட அது துருப்பிடிச்சு, தகரமே துருப்பிடிச்ச மாதிரிச் சிவப்புக் கறை விழும். தகரத்தை வெட்ட கிரைண்டர் பிடிக்கிற ஆக்களும் இருக்கினம், தீப்பொறி விழுற இடமெல்லாம் பூச்சு எரியும், வேணாம், தகரக் கத்தரிக்கோல் இருக்கு.

சிலிக்கன் பூசுற பழக்கத்தையும் சொல்ல வேணும். ஒழுகுது எண்டா உடன ஒரு டியூப் வாங்கி ஸ்க்ரூத் தலைக்கு மேல கட்டி கட்டியாப் பூசுறது. மூக்கில வினாகிரி மணம் அடிக்குதா? அப்ப அது இந்தத் தகரத்துக்குக் கூடாத வகை, காயேக்க வாற அந்தப் புளிப்பு, தகரத்தின்ர பூச்சை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகைதான் வேணும். அதுவும் ஓட்டைக்கு மேல பூசுற மருந்தா இல்லை, இறப்பர் செத்தா ஸ்க்ரூவை மாத்துறதுதான் மருந்து.

இனி அடிக்கிற ஒழுங்கு. மாமாட கொட்டில் வடக்க சாயுது, அப்ப சீட்டுகள் கிழக்கு மேற்கா அடுக்குப்படும். மழைக்காத்து வாறது மேற்கில இருந்து, அதால முதல் சீட்டைக் கிழக்குக் கரையில வச்சு மேற்கை நோக்கி அடுக்கிக்கொண்டு வந்தம். அப்பத்தான் ஒவ்வொரு சீட்டின்ர மேல் கரையும் காத்துக்கு முதுகைக் காட்டும், மாறி அடுக்கினா காத்து மழையைத் தூக்கி மடிப்புக்குள்ளேயே ஊட்டிவிடும். ஒண்டின்ர ஓர மேடு மற்றதின்ர ஓர மேட்டுக்கு மேல வடிவாப் படியோணும், கவனிச்சுப் பாத்தா கீழ போற மேட்டில ஒரு சின்னத் தவாளிப்பு இருக்கும், அது உள்ள ஊறுற தண்ணியை வெளிய விட, அதைத் தலைகீழா வச்சா இருந்தும் இல்லாததுதான். முதல் சீட் மூலைமட்டமா நிக்காட்டி பன்னிரண்டாவது சீட்டில அரை அடி இழுத்துக்கொண்டு போயிருக்கும், அதால முதல் சீட்டுக்கு அரைமணித்தியாலம் செலவழிச்சாலும் காரியமில்லை. கீழ் நுனி பீலிக்குள்ள ரெண்டு இஞ்ச் நீட்டி நிக்கோணும்.

பிறகு சட்டம் எங்க இருக்கு எண்டு மேல இருந்து தெரியாதே, அதுக்கு ரெண்டு கரையிலயும் அளந்து நூல் பிடிக்கிறது. நூலுக்கு நேரா அடிச்சா ஸ்க்ரூ எல்லாம் ஒரே வரிசையில அழகா நிக்கும், அழகு முக்கியமில்லை, சட்டத்தில படுறதுதான் முக்கியம். சட்டத்தில படாம அடிச்ச ஸ்க்ரூ கையிலேயே தெரியும், திடீரெண்டு பாரம் இல்லாம சுத்தும். அதை அப்பிடியே விட்டிட்டுப் பக்கத்தில இன்னொண்டு அடிக்கிறதுதான் எல்லாரும் செய்யிறது. மூண்டு வருசத்தில அந்த அனாதை ஸ்க்ரூதான் ஒழுகும், ஏன் எண்டா கீழ பிடிக்க ஒண்டுமில்லாட்டி வாஷரை அமத்த ஆளில்லை. கழட்டிப்போட்டு, நியூட்ரல் சிலிக்கனோட ஒரு அடைச்ச ரிவெட் அடிச்சு மூடுங்கோ.

முதல் ஏன் அந்தப் பழைய ஆணிகள் எழும்பினது எண்ட கேள்வி இன்னும் கிடக்கு. மத்தியானம் வெயிலில தகரம் 65 பாகைக்குப் போகும், ராத்திரி 25க்கு வரும். பதினாறு அடிச் சீட் அந்த வித்தியாசத்துக்கு ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீண்டு திரும்பச் சுருங்கும், அலுமினியச் சீட் எண்டா அதில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஒவ்வொரு நாளும் அது ஆணியைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுக்குது. கீழ சட்டமும் சும்மா இருக்கேல்லை, மழைக்கு ஊதி, வெயிலுக்குக் காஞ்சு சுருங்குது. வழுவழு எண்டு இருக்கிற ஆணிக்கு மரத்தில பிடி வெறும் உராய்வுதான், பல் ஆடுற மாதிரி ஆடி ஆடி மேல வந்திடும். ஸ்க்ரூவுக்கு மரை இருக்கு, மரத்தைக் கடிச்சுக்கொண்டு நிக்கும். அதால பழைய ஆணி ஓட்டையில சுத்தியலால திரும்ப ஒரு அடி போடுறது ரெண்டு மாசத்துக்குத்தான் காணும். ஆணியைப் பிடுங்கி, அதே ஓட்டையில அதைவிடத் தடிச்ச ஸ்க்ரூவை ஏத்தினா சரி. நாங்கள் கனக்க இடத்தில 12ஆம் நம்பருக்குப் பதிலா 14ஆம் நம்பர் போட்டது அதுக்குத்தான்.

ஏறுற ஆக்களுக்கு ரெண்டு சொல். காத்து அடிக்கிற நாளில சீட்டைத் தூக்காதீங்கோ, பதினாறு அடித் தகரம் கையில இருந்தா நீங்கள் பாய்மரம். நனைஞ்ச தகரத்தில கால் வைக்காதீங்கோ. நடக்கிறதெண்டா சட்டம் இருக்கிற வரிசையில, பள்ளத்தில கால் வச்சு. ஏணியையும் தகரத்தையும் திருப்பேக்க மேல கரண்ட் வயர் எங்க போகுது எண்டு ஒருக்காப் பாருங்கோ, கொழும்பு ஒழுங்கையளில அது எங்கயும் போகும். பழைய அஸ்பெஸ்டஸ் கழட்டிப்போட்டுத் தகரம் போடுற ஆக்கள் சீட்டை உடைக்காம, ட்ரில் பண்ணாம, தண்ணி தெளிச்சுத்தான் இறக்க வேணும், அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது.

வேலை முடிஞ்ச அண்டைக்கு மத்தியானம் கொட்டிலுக்குள்ள சாக்கால சுத்திவர மறைச்சிட்டு அண்ணாந்து பாத்தம். இருட்டில வெள்ளிப் புள்ளி தெரியுற இடம் ஓட்டை. ஒண்டும் தெரியேல்லை. அப்பிடியிருந்தும் முதல் மழைக்கு ஒரு இடத்தில சொட்டிச்சுது, நேர பெரிய மாட்டின்ர முதுகில. அந்த இடத்துக்கு நேரா மேல இருந்த ஸ்க்ரூ நாலையும் மாத்தியும் சொட்டுறது நிக்கேல்லை. பாஸ் ஹோஸ் பைப்பைக் கொண்டுவரச் சொல்லி, கீழ் நுனியில தொடங்கி ஒவ்வொரு வரிசையா மேல மேல தண்ணி விட்டார், உள்ளுக்க நான் நிண்டு சத்தம் போட வேணும். நாலாவது வரிசையில சொட்டத் தொடங்கிச்சுது. மாடு நிண்ட இடத்தில இருந்து மூண்டு அடி தள்ளி ஒரு ஸ்க்ரூ சரிஞ்சு நிக்குது, அதுக்குள்ளால வந்த தண்ணி சட்டத்தின்ர அடியைப் பிடிச்சு ஊர்ந்து வந்து, ஒரு கணுவில முட்டித்தான் கீழ விழுந்திருக்கு. அது என்ர நாப்பதில ஒண்டா எண்டு பாஸ் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

அதையும் மாத்தினம். அடுத்த கிழமை நல்ல மழை, விடிய நாலு மணிக்குத் திரும்பவும் மாமாட போன். "ஒரு சொட்டும் இல்லையடா," எண்டார். "ஆனா தகரத்தில மழை விழுற சத்தத்துக்கு மாடு மூண்டும் படுக்காம நிக்குது, இதுக்கு என்ன ஸ்க்ரூ இருக்கு எண்டு உன்ர பாஸிட்டக் கேள்."